எல்லா வட்டமும் வீடு சேரும்வரை

போன வாரம் என் கைபேசியில் மேப் தன் தோற்றத்தை மறுபடியும் மாற்றிக்கொண்டது. சாலைகள் சாம்பல் நிறமாகிவிட்டன. கீழே வரிசையாக இருந்த பொத்தான்களில் சில காணாமல் போய், மிஞ்சியவை இடம் மாறி உட்கார்ந்திருந்தன. என் கட்டைவிரல் பழக்கத்தில் பழைய இடத்துக்கே போய், வெறும் திரையை அழுத்திவிட்டுத் திரும்பியது.

எந்தப் பொருளையும் எடுத்த இடத்தில் வைக்கிறவள் நான். டைரியும் பேனாவும் மேசையில் அதனதன் இடத்தில் இருந்தால்தான் எனக்கு எழுத வரும். ஆகவே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு குரல் முந்திக்கொண்டது: "வூட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த கேக்காம வாசப்படிய எவன்டா மாத்தி வச்சது?"

யாருமில்லாத சமையலறையில் தனியாகச் சிரித்துவிட்டேன்.

அந்தக் குரலுக்கு உரியவர் சேரப்பணஞ்சேரியில் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை கிடைத்து நான் திருச்சியிலிருந்து போனபோது, வேறு அறை கிடைக்காமல் அந்த விடுதியின் மாடியில் தங்கினேன். மற்றவர்கள் எல்லாரும் சின்னப் பெண்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று தெற்கிலிருந்து வந்து அசெம்பிளி லைனில் நின்றவர்கள். அவர்களுக்கு அவர் வார்டம்மா. எனக்கு அக்கா. அவருக்கு நான் மேடம். அங்கே இருந்த வருடங்கள் முழுக்க அது மாறவில்லை.

நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் துணிப்பை. அதற்குள் கைபேசி. ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருப்பார். வணக்கம், சாப்பிட்டாயா, சௌக்கியமா என்று எல்லாரும் தொடங்கும் இடத்தில் அவர் "எங்க கீற?" என்றுதான் தொடங்குவார். போனில் மட்டுமில்லை, நேரிலும். ஒருநாள் படியேறிக்கொண்டிருந்த என்னிடமே கேட்டார்.

"மேடம், எங்க கீறீங்க?"

"படியிலதான் அக்கா. உங்க முன்னாடி."

"ஆங், சரி சரி" என்று நிம்மதியாகப் போய்விட்டார்.

ஒரு பெண் விடுதியில் சேர்ந்தால் அவளுக்குத் தட்டு, டம்ளர், அலமாரிச் சாவி கொடுப்பார். பதிலுக்கு அவளுடைய கைபேசியை வாங்கி, அவள் இருக்கும் இடம் தன் மேப்பில் எப்போதும் தெரியும்படி செய்துவிடச் சொல்வார். சேர்ந்த கையோடு அவள் முகம் ஒரு சின்ன வட்டமாக அவருடைய மேப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். மகளைக் கொண்டுவந்து விட வரும் அப்பாக்களிடம் அந்தத் திரையைக் காட்டி ஒரே வாக்கியம் சொல்வார்: "உங்க பொண்ணு எங்க கீதுன்னு எந்த நேரத்துல கேட்டாலும் சொல்வேன்." பேருந்தில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த அந்த மனிதர்கள், வேறெதையும் நம்பாவிட்டாலும், அந்த வாக்கியத்தை நம்பித்தான் ஊர் திரும்பினார்கள்.

மாலையானால் கேட்டை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அவருடைய சாப்பாடு சமையலறையில் மூடியிருக்கும். மடியில் மேப். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வட்டங்கள் ஒன்றொன்றாகக் கிளம்பிவரும். சில ஷேர் ஆட்டோவின் வேகத்தில், சில பானிபூரிக் கடையருகில் கொஞ்சம் நின்று. கடைசியில் எல்லா வட்டமும் எங்கள் கட்டடத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். "அடங்கிடுச்சி" என்று எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொள்வார். யாருக்காவது வேலைநேரம் தாண்டி ஓ.டி. இருந்தால் அவருக்கும் ஓ.டி.தான். பசி தாங்காமல் முன்னால் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

வட்டத்தின் பக்கத்தில் பேட்டரி எவ்வளவு என்றும் தெரியும். டீ இடைவேளையில் பெண்களுக்கு அழைப்பு வரும். "உன் போனு செத்துகினு கீதுடி. சூப்பர்வைசர் டேபிளாண்ட சார்ஜு போடு, போ."

பெண்கள் தப்பித்துப் பார்க்காமல் இல்லை. ஓ.டி. பார்க்கும் தோழியிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, ஒருத்தி தாம்பரத்துக்குச் சினிமா பார்க்கப் போனாள். திரும்பி வந்தவளைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

"வட்டம் லைன்ல நின்னு வேல செய்து. நீ பாப்கார்ன் வாசனையோட வந்து நிக்கிற. இன்னாடி, ரெண்டு பேரா நீ?"

மாரிச்செல்விதான் நேருக்கு நேர் கேட்டவள். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வயர் கட்டுகளைக் கோத்துப் பின்னும் வேலை. வாயும் அப்படியே பின்னும்.

"நான் என்ன ஆடா வார்டம்மா, கழுத்துல மணி கட்டி மேய விடுததுக்கு?"

"ஆடா இருந்தா தேட மாட்டேன்டி. எங்க பிரியாணி வாசன வருதோ அங்க போயிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாரிச்செல்வி சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். என்னுடைய வட்டத்தை அவர் கேட்டதில்லை. 'மேடத்த எப்படிக் கேக்கறது' என்று நினைத்திருப்பார். கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை மேப் முகம் மாறிவிட்டது. திரையின் இடது மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அதை அழுத்தி உள்ளே போய்த்தான் அவர் வட்டங்களை வரவழைப்பார். அந்தக் கோடுகளைக் காணவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். அவர் மாடிக்கே வந்துவிட்டார்.

"மேடம், எம் பொண்ணுங்கள யாரோ தூக்கினு பூட்டாங்க."

"எங்கயும் போயிருக்காது அக்கா. இடம் மாத்தி வச்சிருப்பாங்க. சாயங்காலம் வந்து பாக்குறேன்."

வாசப்படி பற்றிய அந்த வாக்கியத்தை அப்போதுதான் சொன்னார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூட்டு ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஷேர் ஆட்டோக்கள் பாதி ஓடவில்லை. நான் நனைந்து வந்து சேர்ந்தபோது, அவர் கேட்டருகே குடை பிடித்தபடி கைபேசியின் இடது மூலையைக் குத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துவிட்டார்கள். மாரிச்செல்வியைக் காணோம். அவள் போன் அணைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவின் அழைப்பு வந்தது. மழை இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டார்.

"எம் மவ போன எடுக்க மாட்டேங்கா. எங்கன இருக்கா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு மூச்சு விடுவதற்குள் அக்காவிடமிருந்து பதில் வரும். அன்று வரவில்லை.

"தெரியலண்ணே" என்றார்.

"என்னது தெரியலயா? எந்நேரமும் தெரியும்னு சொல்லித்தான விடச் சொன்னிய? பொம்பளப் புள்ளய அத நம்பித்தான விட்டுட்டு வந்தேன்!"

அழைப்பு முடிந்ததும் வார்டம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "காலு கீது மேடம். எந்தப் பக்கம் நடக்கறதுன்னு தெரியலயே."

மாரிச்செல்வி வடக்குப்பட்டுச் சாலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கூட வேலை செய்யும் இருவர் துணைக்கு வந்து விட்டுப்போனார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி என்றால் வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அவள் வார்டம்மாவிடம் பாய்ந்தாள்.

"ரூம்லதான் இருக்கா, தூங்குதான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? எங்கப்பா சும்மா சொல்லுத ஆளு இல்ல. என் வேல போயிரும்."

"பொய் சொல்ல மாட்டேன்டி. நாளைக்கி நெசம் சொன்னாலும் நம்ப மாட்டாரு."

"அப்ப இனிமே உங்களுக்கு என் வட்டமும் கெடையாது" என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே அதை நிறுத்தினாள்.

அன்று நான் உடை மாற்றிக்கொண்டு கீழே இறங்கியபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "கெடச்சிட்டாங்க மேடம். நடுவுல ஒரு நீலப் புள்ளி கீது பாருங்க, அத அமுக்குனேன். எல்லாப் பொண்ணுங்க மூஞ்சியும் வரிசையா வந்துச்சி. ஒண்ணொண்ணா அமுக்கிக் கூப்ட்டுட்டேன்."

அதற்குள் புதிய இடத்தை நான் என் கைபேசியில் கண்டுபிடித்திருந்தேன். வலது மூலையில் நம் சொந்தப் படம் ஒரு சிறிய வட்டமாக இருக்கும். அதை அழுத்தினால் போதும். அழுத்திக் காட்டினேன். மாரிச்செல்வியைத் தவிர எல்லாரும் வந்தார்கள். அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நீலப் புள்ளியை அமுக்கியதும் இதில் சேர்த்திதான் என்று முடிவு கட்டிவிட்டார். நான் அதைக் கவனித்து விசாரிக்கவில்லை. வலது மூலை மனதில் நிற்காமல் விரல் இடதுபக்கமே ஓடியதால், மறுநாள் கைபேசி உறையின் வலது மூலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டார். கறுப்பு உறை, சிவப்புப் பொட்டு. "இனிமே எவன் மாத்துனாலும் எம் பொட்டு மாறாது."

அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, "சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயினு வரேன்" என்று கிளம்புவார். பொழுது சாயும்போது புளியோதரைப் பொட்டலத்தோடு திரும்புவார். பிரசாதம் என்று எல்லாருக்கும் ஒரு கை தருவார். அந்த மழை அவரை அசைத்துவிட்டது, சாமியிடம் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மாரிச்செல்வி கைபேசியோடு என் அறைக்கு வந்தாள். பின்னால் நான்கைந்து பெண்கள்.

"மேடம், சிங்கப்பெருமாள் கோவில் எங்கன இருக்கு? இவிய எங்கன நிக்காவ பாருங்க. சாமி வடக்குப்பட்டுக்குக் குடிவந்துட்டாரோ?"

அவளுடைய மேப்பில், ரப்பர் பேண்டு போட்ட கண்ணாடியோடு, வார்டம்மாவின் முகம் ஒரு வட்டத்துக்குள் இருந்தது. எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. அன்று மழையில் நீலப் புள்ளியை அமுக்கி, முகங்களை ஒன்றொன்றாகத் தொட்டு அவர் செய்தது பெண்களைக் கூப்பிட்டதல்ல. தான் இருக்கும் இடத்தை ஒவ்வொருத்திக்கும் கொடுத்திருக்கிறார். என் கைபேசியைப் பார்த்தேன். அதிலும் இருந்தார். அறிவிப்புகளை எல்லாம் நிறுத்தி வைக்கிறவள் என்பதால் எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்கு அன்றே தெரியும்.

"அவங்ககிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"அய்யோ மேடம், சொல்லிராதீங்க. இத்தன நாளு நம்மள பாத்தாவல்லா. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நாம பாப்போம்."

வட்டம் நகர்ந்தது. தொழிற்பேட்டையின் அகலமான நேர்ச்சாலை ஒன்றில் மெதுவாகப் போனது. கோடியில் நின்றது. திரும்பி வந்தது. இந்தக் கோடியில் நின்றது. மறுபடி போனது. எனக்கும் ஆவல் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

"வாக்கிங்கா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"புடவை கட்டிக்கிட்டு வாக்கிங்கா? அதுவும் இந்த வேகத்துலயா?"

"வேண்டுதலோ?"

"ஏட்டி, லவ்வா இருக்குமோ?"

இதற்கு ஒருத்தி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். மாரிச்செல்வி மட்டும் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எங்க கம்பெனி ரோடுல்லா. இங்க இவியளுக்கு என்ன சோலி? என்னைய வேவு பாக்கவா? இன்னிக்கு கம்பெனியே லீவு."

ஆரம்பத்தில் அவர் வெளியே போகும் நேரம் பார்த்துப் பெண்கள் ஊர் சுற்றப் போனார்கள். பிறகு அதுவும் நின்றது. ஞாயிறு மதியம் ஆனால் எல்லாரும் என் அறையில் கூடிவிடுவார்கள். வேர்க்கடலை வரும். கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து, "திரும்புதாவ, திரும்புதாவ, திரும்பிட்டாவ!" என்று கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவர் இல்லாத நேரத்துக்காகக் காத்திருந்தவர்கள், அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்காக உள்ளேயே அடைந்து கிடந்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு வட்டம் பாதிச் சாலையில் நின்றுவிட்டது. இரண்டு கோடிகளிலும் நிற்பது வழக்கம். நடுவில் நின்றதில்லை.

"சிக்னல் போயிருக்கும்."

"சிக்னல் இருக்கு. பேட்டரியும் இருக்கு."

காத்திருந்தோம். நகரவில்லை. போன் செய்தோம். மணி அடித்து ஓய்ந்தது. வேர்க்கடலையை யாரும் தொடவில்லை. முதலில் எழுந்து செருப்பை மாட்டியவள் மாரிச்செல்வி. எதுவும் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு சாலைக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். எல்லாரும் நெருக்கியடித்து ஏறினோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் மாடுகளைத் தவிர யாரும் இருப்பதில்லை. இரண்டு பக்கமும் நீளமான மதில்கள், மூடிய கேட்டுகள். நடுவில் ஒரு பழைய ஸ்கூட்டர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தடுப்புக் கல்லின்மேல் வார்டம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். புடவையில் மண். பக்கத்தில் ஒரு கேட்டில் காவல் பார்க்கும் பெண், அவருடைய சிநேகிதி, தண்ணீர் பாட்டிலோடு குனிந்து நின்றாள். வண்டி அவளுடையது.

"பிரேக்கப் புடின்னு கத்துறேன், ஆக்ஸிலேட்டர முறுக்குது இந்தம்மா" என்று எங்களிடம் முறையிட்டாள்.

ஆட்டோவிலிருந்து நாங்கள் இறங்குவதைப் பார்த்த வார்டம்மா வலியை மறந்து எங்களை எண்ண ஆரம்பித்தார். விரல் அசைந்தது, உதடு அசைந்தது.

"ஒருத்தி கொறையுதே. யாரு வரல? எங்க கீறா அவ?"

"ஓ.டி. வார்டம்மா, ஓ.டி.யில இருக்கா. மொதல்ல கையக் காட்டுங்க."

மாரிச்செல்வி தன் துப்பட்டாவை நனைத்து அவர் முழங்கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கப்பாட்ட பொய் சொல்ல மாட்டிய. சாமி பேருல மட்டும் சொல்லலாமோ? புளியோதர எந்தக் கோயிலு?"

"கூட்டு ரோட்டு ஓட்டலு."

"அதான பாத்தேன். உப்பு ஜாஸ்தி. எதுக்கு இதெல்லாம்?"

அவர் சாலையைப் பார்த்தார். "அன்னிக்கி மழையில இந்த ரோட்லதான நீ நின்ன. நீ வட்டத்த எடுத்துட்ட. எல்லாருந்தான் ஒருநாள் எடுப்பீங்க. இல்லன்னா அவன் மறுபடி மாத்துவான். தெரியலன்னா போயாவது பாக்கணும் இல்ல? போவறதுக்கு இன்னா கீது எங்கிட்ட?"

மாரிச்செல்வி துப்பட்டாவைப் பிழிந்து அவர் முழங்கையில் சுற்றினாள். பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஆமா, நான் இங்க கீறேன்னு எவ சொன்னது?"

மாரிச்செல்வி தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். தடுப்புக் கல்லில், அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அவருடைய வட்டம்.

"எத்தினி நாளா?"

"மழ பெஞ்ச அன்னிக்கு ராத்திரில இருந்து."

அவர் முகம் சிவந்துவிட்டது. பத்துப் பெண்களை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னை ஒருவர் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அந்த நிமிடம் வரை யோசித்ததே இல்லை போலும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே இருந்தார்.

அன்று மாலை கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆனால் மேப்பைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, உங்களோடத ஆஃப் பண்ணிடவா? ஒரு நிமிஷ வேலைதான்."

கைபேசியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் விடவில்லை. இருவர் கையிலும் அது இருந்தது.

"அது எந்நேரமும் ஓடினே இருந்தா சார்ஜு தின்னுமா மேடம்?"

"தின்னும்."

"ரொம்பவா?"

"கொஞ்சம்."

அவருடைய வீட்டுக்காரர் இறந்து பல வருடமாகிறது, பிள்ளை கிடையாது என்று பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. அப்போதும் பேசவில்லை. கைபேசியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தின்னட்டும்" என்றார்.

மறுவாரத்திலிருந்து வட்டம் கொடுப்பது அவரவர் விருப்பம் என்று ஆகிவிட்டது. அவரே சொன்னார். சிலர் எடுத்துவிட்டார்கள். பலர் விட்டுவைத்தார்கள். மாரிச்செல்வி மறுபடி போடவில்லை. அவர் கேட்கவும் இல்லை. லைசென்ஸ் எடுத்தார். காவல்காரச் சிநேகிதியின் பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டார்.

மார்கழி தொடங்கும் முன் இன்னொரு பெருமழை வந்தது. எல்லாரும் திரும்பிவிட்ட நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மாரிச்செல்வி.

"வார்டம்மா, ஆட்டோவே இல்ல. வாரியளா?"

"எங்க கீற?"

"நீங்க விழுந்த எடத்துல."

மழைக்கோட்டை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் மாடியில் கூடி அவர் வட்டத்தைப் பார்த்தோம். கூட்டு ரோட்டில் தயங்கியது. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனது. வடக்குப்பட்டுச் சாலையில் நின்றது. பிறகு திரும்பியது. மேப்பில் ஒரு வட்டம்தான் தெரிந்தது. அதில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவு மெதுவாக வந்தார்கள். சைக்கிள்காரர்கூட முந்திப் போனார் என்று மாரிச்செல்வி பிறகு சொன்னாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவளை அவள் அப்பாவே திரும்ப அழைத்து வந்தார். இடத்தைப் பார்த்துவிட்டு, விடுவதா கூட்டிக்கொண்டு போவதா என்று முடிவு செய்ய வந்திருக்கிறார் என்பது அவர் பையைக் கீழே வைக்காமல் நின்றதிலேயே தெரிந்தது. மாரிச்செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்நேரமும் தெரியும்னு இப்பயும் சொல்லுவியளா?" என்றார்.

"சொல்ல மாட்டேன் அண்ணே. உங்க பொண்ணு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது. கூப்ட்டா வண்டி எடுத்துனு போயி நிப்பேன். அதான் இப்ப."

அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார். "நீங்களா ஓட்டுவிய?"

"ஏறுங்க. ஸ்டேஷன்ல வுடறேன்."

அவர் ஏறினார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். ரயிலேறிய பிறகு மகளுக்குப் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பையத்தான் ஓட்டுதாவ. நீ இருந்துக்கோ."

நான் அங்கிருந்து வந்து வருடங்களாகிவிட்டன. உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட்டார், விடுதி மூடப்பட்டுவிட்டது. மாரிச்செல்வி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அக்கா அதே ஊரில் தன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. என் மேப்பில் அவருடைய வட்டம் மட்டும் போகவில்லை. அவர் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நானும் சொல்லவில்லை. மாலையில் எப்போதாவது திறந்து பார்ப்பேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து கூட்டு ரோட்டுக்குப் போகும், கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பும். யாரைக் கூட்டிவரப் போகிறார் என்று கேட்டதில்லை.

போன வாரம் மேப் மாறியதும் அந்த வட்டத்தைத்தான் முதலில் தேடினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அழுத்திய இடமெல்லாம் வேறு எதையோ காட்டியது. கடைகள், பெட்ரோல் பங்குகள், எனக்கு வேண்டாத ஓட்டல்கள். பிறகு ஒரு மூலையில் கிடைத்தார். கூட்டு ரோட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார், அதே நத்தை வேகத்தில். பேட்டரி தீரும் நிலையில் இருந்தது.

அந்த வட்டம் அவர் வீட்டின்மேல் வந்து நிற்கும்வரை அடுப்பருகிலேயே நின்றேன். நின்றதும் போன் செய்தேன். பேசி எவ்வளவோ நாளாகிவிட்டது.

"அக்கா, உங்க போன் செத்துகினு கீது. சார்ஜ் போடுங்க."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"மேடம்! எங்க கீறீங்க?"

எத்தனை சுலபமான கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்பது இந்த நிமிடம் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, நடுவிலிருந்த நீலப் புள்ளியை அமுக்கினேன். வரிசையாக முகங்கள் வந்தன. ரப்பர் பேண்டு போட்ட கண்ணாடியைத் தொட்டேன்.

"பாருங்க அக்கா. வந்திருக்கும்."

"இருங்க இருங்க. எங்க அமுக்கணும்? மறுபடியும் மாத்திட்டானுங்க, படுபாவிங்க. எம் பொட்டாண்ட ஒண்ணையும் காணம்."

எங்கே என்று சொன்னேன். இரண்டு தடவை தவறாக அமுக்கினார். எனக்கு அவசரமில்லை.

"ஆங், வந்துட்டீங்க. இது இன்னா, திருச்சியா? வூட்டுக்குள்ளதான கீறீங்க?"

"வீட்டுக்குள்ளதான் அக்கா."

"அப்ப சரி" என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "நான் போயி சோறு போட்டுக்கறேன்."